வெடிக்கும் இடமும் செய்யும் இடமும்: சிவகாசியில் வளங்குன்றா வளர்ச்சி

இந்தியாவில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர், எடுத்த பாடம் வரலாறானாலும் வணிகவியலானாலும், சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாளையும் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயம் ஒரு பொதுநல வழக்கிலிருந்து வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது.

அதே மேத்தா அதே காலத்தில் இன்னொரு வழக்கையும் நடத்திக்கொண்டிருந்தார். அது சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றியது. அதில் 1990 அக்டோபரில் ஒரு தீர்ப்பும் 1996 டிசம்பர் 10 அன்று இன்னொரு தீர்ப்பும் வந்தன. முதல் வழக்கு சுற்றுச்சூழல் பாடநூலில் இடம்பெற்றது. இரண்டாவது வழக்கு தொழிலாளர் சட்டத்துக்கும் சமூகவியலுக்கும் உரியதென ஒதுக்கப்பட்டது. கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த ஒரு குழந்தையின் கை ஏன் சுற்றுச்சூழல் கேள்வி ஆகவில்லை?

சிவகாசியைப் பற்றி இன்று நடக்கும் விவாதம் முழுவதும் இந்தப் பிரிவினையின் மீதுதான் நிற்கிறது. ஒரு தரப்பு காற்றைப் பேசுகிறது, மறுதரப்பு பிழைப்பைப் பேசுகிறது. இரண்டு தரப்புமே பட்டாசு வெடிக்கும் இடத்தையும் விற்கும் இடத்தையும் பார்க்கின்றன. அதைச் செய்யும் இடத்தின் நிலமும் நீரும் உடலும் கணக்கில் வருவதில்லை. வளங்குன்றா வளர்ச்சி என்ற கோட்பாட்டைச் சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால், அதைச் சோதிக்க வேண்டிய இடம் வெடிமருந்து கலக்கும் அறைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வறட்சியில் முளைத்த தொழில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரம் கரிசல் பூமி. மழை குறைவு, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், இல்லாவிட்டால் மானாவாரியாகப் பருத்தி, கம்பு, சோளம், மல்லி. பிழைப்புக்கு வேறு வழி தேடியாக வேண்டிய ஊர் இது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து தடைபட்டது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமமுறை ஒழுங்குபட்டது. அதன்பின் 1942 முதல் பெரிய ஆலைகள் எழுந்தன. பட்டாசுக்கு மேலட்டை வேண்டும், தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும் என்பதால் அச்சகத் தொழிலும் கூடவே வளர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஊருக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வந்தது. அதைச் சூட்டியவர் நேரு என்பார்கள்.

வேளாண்மையைக் கெடுத்த அதே வறட்சி இந்தத் தொழிலுக்குத் துணையாக அமைந்தது. தீக்குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், திரி காய வேண்டும். ஈரப்பதம் குறைந்த காற்றும் ஆண்டில் பல மாதம் அடிக்கும் வெயிலும் இங்கே இலவச மூலப்பொருள். விளைச்சல் பொய்த்த கிராமங்களிலிருந்து கைகள் கிடைத்தன. சிறிய தீப்பெட்டி ஆலைகளுக்கு அரசு காட்டிய கலால் வரிச் சலுகை எந்திரத்துக்குப் பதிலாகக் கைத்தொழிலை நீடிக்க வைத்தது. ஆகவே சிவகாசித் தொழிலை இயற்கைக்கு எதிராக எங்கிருந்தோ வந்து இறங்கிய ஒன்றாகப் பார்ப்பது சரியில்லை. ஒரு வறண்ட நிலம் தன் சூழலுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட பிழைப்பு அது. தீர்வு பேசுகிறவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையும் இதுதான்.

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் உற்பத்தியாவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆலைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல். நேரடியாகவும் மறைமுகமாகவும் எட்டு லட்சம் பேர் பிழைப்பதாகத் தொழில்துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் அச்சகம், அட்டைப்பெட்டி, லாரி, கடை எல்லாம் அடங்கும். ஆனால் 2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து பட்டியலில் சேர்ந்தவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். நாட்டுக்கே தீபாவளியைத் தயாரித்துக் கொடுக்கும் மாவட்டம், நூற்றாண்டு நெருங்கும் ஒரு தொழிலுக்குப் பிறகும், மாநிலத்தின் பின்தங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. பணம் புழங்குவதும் வளர்ச்சியும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

கோட்பாடு என்ன கேட்கிறது

1972இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய மாநாடு சுற்றுச்சூழலை உலக அரசியலுக்குள் கொண்டுவந்தது. 1976இல் இந்திய அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் சேர்த்தது. 1987இல் புருண்ட்லாந்து ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே வளங்குன்றா வளர்ச்சி என்று வரையறுத்தது. 1992இல் ரியோ மாநாடு இரண்டு கொள்கைகளை முன்வைத்தது. கேடு வரும் என்ற அச்சம் நியாயமானதென்றால், முழுமையான அறிவியல் நிரூபணத்துக்காகக் காத்திராமல் தடுப்பு நடவடிக்கை எடுப்பது ஒன்று. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்பது மற்றொன்று.

இந்த இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது தமிழ்நாட்டு வழக்கொன்றின் வழியாக. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று அறிவித்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிற தொழில் என்பதற்காக நிலத்தையும் கிணற்றையும் கெடுக்க உரிமை கிடையாது என்ற அந்த வாதம், வேலூரைப் போலவே விருதுநகருக்கும் பொருந்த வேண்டும்.

பாடநூல்கள் வளங்குன்றா வளர்ச்சியைச் சூழல், பொருளாதாரம், சமூகம் என்ற மூன்று தூண்களாக வரைந்து காட்டும். தேர்வு எழுத இது வசதியான படம். நடைமுறையில் இந்த மூன்றும் ஒரே ஆளின் மேல் வந்து விழுகின்றன. பட்டாசு ஊர்களான அச்சங்குளத்திலோ முதலிப்பட்டியிலோ பட்டாசு ஆபீசுக்கு (ஆலையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) போகும் ஒரு பெண்ணுக்குக் கூலி பொருளாதாரம். குடிக்கும் நீர் சூழல். வெடித்தால் பிள்ளைகள் யாரிடம் வளரும் என்பது சமூகம்.

காற்றின் வழக்கு

2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், தந்தையர் வழியாக, உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அது அறியப்படுகிறது. 2016 நவம்பரில் தலைநகர் வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு நாடு முழுவதற்குமானது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது, இணையவழி விற்பனை கூடாது, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம். அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி வைக்கும் ஊர் இது என்று தமிழ்நாடு முறையிட்டதும், இரண்டு மணி நேரத்தை விரும்பியபடி பகிர்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு வகுத்தது.

சிவகாசிக்குப் பலத்த அடியாக விழுந்தது பேரியம் தடை. பச்சை உப்பு என்று ஆலைகளில் வழங்கும் பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தருகிறது, எரிவதற்கான ஆக்சிஜனையும் தருகிறது, விலையும் மலிவு. கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம், புஸ்வாணம் என்று ஒளி தரும் ரகங்களில் பலவும் அதை நம்பியவை. தீர்ப்புக்குப் பின் 2018 இறுதியில் ஆலைகள் மூடப்பட்டு மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஆலை மூடினால் உரிமையாளரிடம் இருப்பு இருக்கும். தொழிலாளியிடம் அடகுச் சீட்டுதான் இருக்கும்.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. அலுமினியத்தின் அளவைக் குறைப்பது, தூசியை அடக்கும் சேர்மங்களைக் கலப்பது, எரியும்போது நீராவி வெளிவரச் செய்வது ஆகியவை அதன் வழிகள். துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்பது கணக்கு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பசுமைப் பட்டாசு புகையில்லாப் பட்டாசு கிடையாது. குறைந்த புகைப் பட்டாசு. முன்பு பத்துப் பெட்டி வாங்கியவர், பசுமை என்ற முத்திரையைப் பார்த்த நிம்மதியில் பதினைந்து வாங்கினால் அந்த 30 விழுக்காடு அப்படியே கரைந்துவிடும்.

தொழில்துறையின் எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. டெல்லியின் காற்றை ஆண்டு முழுவதும் கெடுப்பவை வாகனம், ஆலை, கட்டுமானத் தூசி, அண்டை மாநிலங்களில் எரியும் வைக்கோல். ஒரு நாள் புகைக்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மாவட்டம் ஆண்டு முழுவதும் பட்டினி கிடப்பதா என்று கேட்கிறார்கள். அதேநேரம், குளிர்காலத் தொடக்கத்தில் காற்று அசையாமல் தங்கும் நகரத்தில் ஒரே இரவில் கூடும் புகை, மூச்சு நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் சிறிய விஷயமில்லை. இரு தரப்பும் பத்தாண்டாக வாதாடின. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கும் நேரத்துக்கும் மட்டும் பசுமைப் பட்டாசை அனுமதித்தது. தடைக்கும் தளர்வுக்கும் இடையில் வழக்கு நகர்ந்த இந்தக் காலம் முழுவதும், காற்றை அளக்கும் கருவிகள் டெல்லியில் இருந்தன. சாத்தூரின் கிணறுகளை அளக்கச் சொல்லி எந்த அமர்வின் முன்னும் இத்தனை அழுத்தமான வழக்கு நிற்கவில்லை.

கிணற்றின் கணக்கு

பட்டாசு என்பது அடிப்படையில் இரண்டு பொருள்களின் சேர்க்கை: எரியும் பொருளும் அது எரிய ஆக்சிஜன் கொடுக்கும் பொருளும். கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் எரிபவை. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட், பெர்குளோரேட் ஆகியவை ஆக்சிஜன் கொடுப்பவை. நிறத்துக்கு ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் தாமிர உப்புகள் நீலத்தையும் தருகின்றன.

இவற்றில் பெர்குளோரேட் நீரில் எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். உடலுக்குள் சென்றால் தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் இதனால் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு தேவை.

2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சிவகாசியிலும் மதுரையிலும் நிலத்தடி நீரைச் சோதித்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு முன்வைத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 அந்த அளவைத் தாண்டின. மிக உயர்ந்த அளவு 7,690 மைக்ரோகிராம். மதுரை மாதிரிகளில் ஒன்றுகூட அந்த எல்லையைத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியில் அளவு தெளிவாக உயர்ந்திருந்ததால், மாசின் மூலம் இத்தொழில்தான் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். மனித உடல்நலம் குறித்து மேலும் ஆய்வு வேண்டும் என்றும் எழுதினார்கள்.

கேரளத்தில் ஆலுவாவுக்கு அருகே, ராக்கெட் எரிபொருளுக்கான பெர்குளோரேட் ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் இதே மாசு கண்டறியப்பட்டது. அங்கே மூலம் ஒரே ஆலை. அரசு சார்ந்த ஆலை. யாரைக் கேட்பது என்பது தெரியும். சிவகாசியில் ஆயிரம் ஆலைகள், கணக்கில் வராமல் கருந்திரி என்கிற பட்டாசுத் திரியைச் செய்யும் வீடுகள், கழிவு மருந்தை எரிக்கும் பொட்டல்கள் எல்லாம் மூலங்கள். யார் மாசுபடுத்தினார் என்று தனித்தனியாகச் சுட்ட முடியாத இடத்தில், மாசுபடுத்தியவர் செலுத்துக என்ற கொள்கை கூட்டுப் பொறுப்பாக மாறியாக வேண்டும். மழை குறைந்த, கண்மாய்கள் தூர்ந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர்தான் வருங்காலத் தலைமுறையின் சொத்து. புருண்ட்லாந்து வரையறையை இங்கே வைத்துப் படித்தால், டெல்லியில் ஒரு வாரத்தில் கலைந்துவிடும் புகையைவிட, பல ஆண்டுகள் தங்கக்கூடிய இந்த உப்பு அந்த வரையறையைக் கூடுதலாக மீறுகிறது.

மருந்து அறையின் கணக்கு

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 பேர் இறந்தார்கள். மீட்க ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20க்கு மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: பத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள். 2024 பிப்ரவரி 17, ராமுத்தேவன்பட்டி: 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்த வெடிவிபத்துகள் மட்டும்.

விபத்துச் செய்திகளில் காரணம் எப்போதும் ஒரு சொல்லில் முடிந்துவிடும்: உராய்வு. உராய்வு உண்மைதான். வானில் விரியும் பேன்சி ரகங்களுக்கான மருந்தை மணிமணியாக உருட்டி மணிமருந்து செய்யும்போதும், கலவையைச் சலிக்கும்போதும், குழாயில் மருந்தைச் செலுத்தும்போதும் உராய்வில் பொறி கிளம்பலாம். அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்த கலவை தொட்டாலே வெடிக்கும் இயல்பினது என்பதால்தான் 1992இல் அதற்குத் தடை வந்தது. ஆனால் உராய்வு ஒருவரை மட்டும் காயப்படுத்துவதற்கும் இருபது பேரைக் கொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வேதியியல் விளக்காது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை விதிகள் வரையறுத்திருக்கின்றன. அந்த வரம்புகள் மீறப்படும்போதுதான் விபத்து பேரழிவாகிறது.

மீறுவது எதனால்? முதற்காரணம், உற்பத்தி ஆண்டு முழுவதும் நடக்க, தேவை ஒரே நாளில் குவிந்திருப்பது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டரைக் கொடுத்து முடிக்கும் அவசரம் கூடும். அறையில் ஆள் கூடும். மரத்தடியில்கூட வேலை நடக்கும். இரண்டாவது, எண்ணிக்கைக்குக் கூலி. செய்த அளவுக்குத்தான் பணம் என்றால், விதிப்படி மெதுவாகச் செய்பவருக்கு வீட்டில் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்களின் கூலியையும் வெயில் நாளிலேயே சம்பாதித்தாக வேண்டும். மூன்றாவது, உள்குத்தகை. உரிமம் பெற்றவர் ஒருவர். அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு எடுத்து நடத்துபவர்கள் வேறு. உரிமம் தரும் அலுவலகத்தைப் பொறுத்து நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் என்று அடுக்குகள் உள்ள இத்தொழிலில், உள்குத்தகைக்கு வந்தவர் எந்த அடுக்கிலும் இருக்கமாட்டார். குத்தகைப் பணத்தை மீட்க அவர் அறையை நிரப்புகிறார். அச்சங்குளத்துக்குப் பிறகு இந்த முறை வெளிப்படையாகப் பேசப்பட்டது.

அச்சங்குளம் விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது என்பது இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தி. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அது ஆணையிட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும்போது நேரும் மரணம் தன் வரம்புக்குள் வரும் சுற்றுச்சூழல் வழக்கு என்பதே அதன் நிலைப்பாடு. பாடநூல் பிரித்து வைத்ததைத் தீர்ப்பாயம் சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான விபத்துகளில் முதலில் வந்து சேரும் பணம் முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அது மக்களின் பணம். மாசுபடுத்தியவர் செலுத்துக என்ற கொள்கை, வெடித்த அறைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஒருமுறை மாறிய தொழில்

பாதுகாப்பைக் கூட்டினால் தொழில் படுத்துவிடும் என்ற வாதத்துக்குச் சிவகாசியின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன் கிராமம் கிராமமாகப் பேருந்து வந்து குழந்தைகளை ஏற்றிச் செல்வது இவ்வட்டாரத்தில் சாதாரணக் காட்சி. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இதை வெளியுலகுக்குக் காட்டியது. பிஞ்சு விரல்கள் இல்லாவிட்டால் இந்தத் தொழில் இல்லை, வறுமை தீராமல் குழந்தைகளை நிறுத்த முடியாது என்று அப்போதும் சொன்னார்கள்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. 1996 தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதிக்குச் செலுத்த வேண்டும், அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தேட வேண்டும் அல்லது 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. தடையோடு மாற்று வருமானத்தையும் சேர்த்து யோசித்த தீர்ப்பு அது. சத்துணவும் பள்ளியும் பேருந்து வசதியும் கூட வந்தன. குழந்தை உழைப்பு முற்றாக ஒழிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிருந்த நிலை இன்று இல்லை என்பதை ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். தொழில் அழியவில்லை. குழந்தைகள் வெளியேறிய பிறகுதான் அதன் வணிகம் ஆயிரக்கணக்கான கோடிக்கு வளர்ந்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் இரண்டு. செலவு கூடினால் தொழில் அதைத் தாங்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தடை மட்டும் வந்தால் சுமை தொழிலாளி மேல் விழும். தடையோடு மாற்றும் வந்தால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளும். 2018க்குப் பிந்தைய காற்று வழக்கில் காணாமல் போனது இந்த இரண்டாம் பகுதி.

வாங்குபவர் பக்கம்

அந்த மாற்றுக்கு ஒரு வழி வாங்குபவர் கையில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பல்லாண்டாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வரும் நாரைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்பது காரணம். எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. எல்லா ஊரும் இப்படி ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கொண்டாட்டத்தின் அளவை ஊரே முடிவு செய்ய முடியும் என்பது தெரிகிறது.

இன்னொரு வழி தேவையை ஆண்டு முழுவதும் பரப்புவது. சீனாவின் ஹூனான் மாநிலத்திலுள்ள லியூயாங் உலகின் பட்டாசுத் தலைநகர். அதன் சரக்கு பல நாடுகளின் பல விழாக்களுக்குப் போகிறது. சிவகாசியோ ஒரு நாட்டின் ஒரு பண்டிகையை நம்பியிருக்கிறது. அந்த ஒரு நாளில் மழை பெய்தாலும் தீர்ப்பு வந்தாலும் ஆண்டு உழைப்பு கிடங்கில் தங்கிவிடும். வெடிச் சத்தத்தைக் குறைத்து ஒளிக்காட்சிகளுக்கான ரகங்களை நோக்கி நகர்ந்தால் சந்தை அகலும். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும்: வானில் விரியும் பேன்சி ரகங்களுக்குத்தான் மணிமருந்து அதிகம் தேவை, மணிமருந்து அறைகள்தான் அதிகம் வெடிக்கின்றன. கலவையையும் உருட்டலையும் ஆள் நிற்காத அறையில் எந்திரத்திடம் விடாமல் இந்த நகர்வு நடந்தால், வாங்குபவரின் காது தப்பும், செய்பவரின் உயிர் தப்பாது.

மூன்றாவது வழி, பட்டாசுத் தொழிலுக்கு வெளியே வேலை. இராசபாளையத்தின் நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும் இம்மாவட்டத்தில் ஏற்கனவே இருப்பவை. இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023இல் ஒன்றிய அரசும் மாநில அரசும் ஒப்பந்தம் செய்தன. பட்டாசு ஆபீசுக்குப் போகும் பெண்ணுக்கு வேறு வேலையும் கிடைக்கும் நிலை வந்தால், முதல் மாற்றம் ஆலைக்குள் நடக்கும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு உள்ளவரிடம்தான் முதலாளி பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்.

எதை அளக்க வேண்டும்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான்கு பணிகள் தெளிவாகின்றன. பட்டாசு வட்டாரத்தின் குடிநீர்க் கிணறுகளில் பெர்குளோரேட்டையும் பேரியத்தையும் ஆண்டுதோறும் அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். சாத்தூர், சிவகாசிக் கல்லூரிகளின் களப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை. மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாட்கூலியாக்க வேண்டும். அவசரத்துக்குப் பரிசு கொடுக்கும் கூலிமுறை இருக்கும்வரை ஆய்வாளர்கள் எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை. உள்குத்தகை கண்டறியப்பட்டால் குத்தகைக்காரரோடு உரிமம் பெற்றவரும் பொறுப்பேற்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சிறு தொகை, நீர்ச் சுத்திகரிப்புக்கும் தீக்காய மருத்துவத்துக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் மழைக்கால வேலையின்மைக்கும் ஒரு நிதியாகச் சேர வேண்டும். குழந்தைகளுக்காக 1996இல் உருவான நிதி இதற்கு முன்மாதிரி.

இவற்றால் பட்டாசின் விலை உயரும். உயரத்தான் வேண்டும். இன்றைய விலையில் காகிதம் இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது, கடைக்காரர் தரும் தள்ளுபடிகூட இருக்கிறது. கிணறும் கையும் அதில் இல்லை. அந்த இரண்டின் செலவையும் வெளியூர் வாங்குபவர் சார்பில் சிவகாசி வட்டாரக் கிராமங்கள் செலுத்திக்கொண்டிருக்கின்றன. முழு விலை போட்ட பிறகும் வாங்க ஆள் இருந்தால் இந்தத் தொழிலை வளங்குன்றாதது என்று அழைக்கலாம். இல்லையென்றால், இவ்வளவு நாளும் மலிவாகக் கிடைத்தது பட்டாசு என்று நாம் நினைத்தது தவறு. மலிவாகக் கிடைத்தவை விருதுநகர் மாவட்டத்தின் தண்ணீரும் மனித உயிரும்.